கேபின் அழுத்த வால்வின் புது வடிவமைப்பு: ஐரிஸா, இரட்டைக் கதவா?

இறகுவிசை

வணக்கம் நண்பர்களே. ஒற்றை நடைவழி கொண்ட பயணிகள் விமானத்துக்கு அவுட்ஃப்ளோ வால்வு (கேபின் காற்றை வெளியே விடும் வால்வு) ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்ஜினிலிருந்து எடுத்துக் குளிர்வித்த காற்று, பேக் (காற்றைப் பதப்படுத்தும் கருவி) வழியாகக் கேபினுக்குள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். உள்ளே வரும் அளவை அழுத்தத்துக்காக யாரும் கூட்டிக் குறைப்பதில்லை. வெளியே போவதைத்தான் ஆளுகிறோம். வால் பக்கம் உடலின் கீழ்ப்பாதியில் இருக்கும் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறதோ, அதுதான் கேபின் அழுத்தம். 40,000 அடியில் வெளியே 18.75 கிலோபாஸ்கல்தான் இருக்கும். உள்ளே 8,000 அடிக்குச் சமமாக 75.3 வைத்திருக்கிறோம். இடைவெளி 56.5 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 8.2 பி.எஸ்.ஐ.

என் யோசனை: நடு அச்சில் திரும்பித் திறக்கும் வழக்கமான பட்டர்ஃபிளைத் தட்டுக்குப் பதிலாக, கேமரா லென்ஸில் இருப்பதுபோல் 12 இதழ் கொண்ட ஐரிஸ் வால்வு. துளை எப்போதும் நடுவில் வட்டமாக இருக்கும், ஓட்டம் சீராகும், இரைச்சல் குறையும். மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்புக்கு 1 விநாடியில் போகும்படி மோட்டார் தேர்ந்திருக்கிறேன். முழுத் திறப்பு 400 சதுர செ.மீ. எடையும் குறையும் என்று நினைக்கிறேன். எங்கே இடிக்கும், சொல்லுங்கள்.

கட்டுப்பாட்டுக் கணக்கு

நல்ல தலைப்பு. இதழ்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த 1 விநாடியை எடுத்துக்கொள்வோம், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பயணத்தில் அழுத்த விகிதம் 18.75க்கு 75.3, அதாவது 0.25. காற்றுக்கு 0.528க்குக் கீழே போனாலே துளையில் ஓட்டம் ஒலிவேகத்தைத் தொட்டு அடைபட்டுவிடும். அதன்பிறகு வெளியே அழுத்தம் என்ன என்பது பொருட்டே இல்லை. வெளியேறும் நிறை, கேபின் அழுத்தத்தையும் துளையின் பயனுறு பரப்பையும் (காற்று உண்மையில் பயன்படுத்தும் பரப்பு) மட்டுமே பொறுத்தது. கேபின் 24 பாகை செல்சியஸ் என்று வைத்தால், விநாடிக்கு 1 கிலோ காற்றை வெளியேற்ற 57 சதுர செ.மீ. பயனுறு பரப்பு போதும். உங்கள் 400இல் இது சிறு பங்குதான்.

இப்போது காது பக்கம் வாருங்கள். இறங்கும்போது கேபின் உயரம் நிமிடத்துக்கு 300 அடி என்ற வீதத்தில் குறைந்தால் பெரும்பாலானவர்களால் தாங்க முடியும். 8,000 அடியை ஒட்டி அது விநாடிக்கு வெறும் 14 பாஸ்கல் மாற்றம். அழுத்தத்துக்கு உட்பட்ட மொத்தக் கொள்ளளவு, சரக்கறையும் சேர்த்து, 300 கன மீட்டர் என்று எடுத்தால் அந்த வீதத்துக்குத் தேவையான நிறை வித்தியாசம் விநாடிக்கு 0.05 கிலோ. உள்ளே வருவது 1 கிலோ, வெளியே போவது 0.95. அந்த 5 சதவீதத்துக்குள்தான் பயணிகளின் காது முழுவதும் இருக்கிறது.

பட்டர்ஃபிளையில் இது எத்தனை பாகை? 400 சதுர செ.மீ. தட்டு, வெளியேற்றக் குணகம் 0.7 என்று கொண்டால், பயணத்தில் தட்டு சுமார் 37 பாகையில் நிற்கும். அங்கிருந்து 1 பாகை அசைந்தால் நிமிடத்துக்கு 300 அடி. கால் பாகை கியர் தளர்ச்சி இருந்தாலே 75 அடி வீதம் அங்கும் இங்கும் ஆடும். ஆகவே நல்ல வால்வு என்று நான் சொல்வது வேகமானதை அல்ல. பாகையில் பத்தில் ஒரு பங்கு நகரச் சொன்னால் அதே அளவு நகரவேண்டும், சொல்லாதபோது நகரக்கூடாது.

வேகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏதோ ஒரு கோளாறில் மோட்டார் கட்டுப்பாடின்றித் திறக்கும் பக்கம் ஓடினால்? முழுத் திறப்பில் ஆரம்ப வெளியேற்றம் விநாடிக்கு 4.9 கிலோ. உள்ளே இருக்கும் மொத்தக் காற்றே 265 கிலோதான். ஏறக்குறைய 5 விநாடியில் கேபின் 10,000 அடியைத் தாண்டும். 15 விநாடி சொச்சத்தில் 14,000 அடி, முகமூடிகள் விழும். உங்கள் 1 விநாடி மோட்டாரில் இரண்டாவது கட்டுப்பாட்டுக் கணினி கோளாறை உணர்ந்து கையில் எடுப்பதற்குள் வால்வு முழுவதும் திறந்திருக்கும். மோட்டாரை மெதுவாக்குங்கள். 10 விநாடி, 15 விநாடி எடுக்கட்டும். அந்த நேரம் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஹேங்கர் இரவுப்பணி

கணக்கு அவர் போட்டுவிட்டார். நான் கையால் தொட்டதைச் சொல்கிறேன்.

அவுட்ஃப்ளோ வால்வைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேபினின் மொத்த அழுக்கும் அங்கேதான் வந்து சேரும். கம்பளிப் போர்வையின் பஞ்சு, தோல் துகள், சமையலறை ஆவியில் வந்த எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம். விமானத்தில் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில் தட்டின் மேல் பழுப்பாகத் தார் படிந்திருக்கும். வால்வைச் சுற்றி வெளித்தோலிலும் அந்தக் கறை வழிந்திருக்கும். இப்போது தார் இல்லை, பஞ்சும் பிசுக்கும் அப்படியேதான் இருக்கின்றன.

ஐரிஸில் 12 இதழ், ஒன்றின் மேல் ஒன்று உரசும் 12 பரப்பு. பிசுக்கு அந்த இடுக்கில் போனால் வெளியே வராது. துடைக்கவேண்டும் என்றால் முழுவதும் பிரிக்கவேண்டும். பட்டர்ஃபிளையை ஈரத்துணியால் துடைத்து, சீலைப் பார்த்து, கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்து மூடிவிடலாம். இரவு வேலையில் இந்த வித்தியாசம் பெரியது. எளிதில் துடைக்க முடியாத பொருளை யாரும் அடிக்கடி துடைக்கமாட்டார்கள், நண்பரே.

இறகுவிசை

இருவருக்கும் நன்றி. மோட்டார் வேகம் பற்றிச் சொன்னது சரி, 12 விநாடிக்கு மாற்றுகிறேன்.

ஆனால் ஐரிஸுக்காக ஒரு வாதம் உண்டு. தரையை ஒட்டி அழுத்த வேறுபாடு 700 பாஸ்கல்தான் இருக்கும்போது அதே 1 கிலோவுக்கு 250 சதுர செ.மீ. அளவு பயனுறு பரப்பு வேண்டும். அங்கே ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் விளைவு குறைவு, மேலே நாலு மடங்குக்கும் அதிகம். ஆகவே சிறு திறப்பில் மெதுவாகவும் பெரிய திறப்பில் வேகமாகவும் பரப்பு கூடும் வால்வுதான் கட்டுப்பாட்டுக்கு நல்லது. ஐரிஸில் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது இயல்பாகவே அப்படித்தான் போகிறது. இதை விட்டுவிட மனம் வரவில்லை.

ஓட்டவியல்

உங்கள் வாதம் சரி. நானும் போட்டுப் பார்த்தேன். தரைக்கும் பயண உயரத்துக்கும் இடையே கட்டுப்பாட்டுப் பெருக்கத்தின் (வால்வு சிறிது அசைந்தால் கேபின் எவ்வளவு மாறும் என்பதன்) விகிதம், பரப்பு நேர்கோட்டில் கூடும் வால்வில் 4.3 வருகிறது. பட்டர்ஃபிளையில் 2.6. ஐரிஸில் 2.1. பட்டர்ஃபிளையும் சும்மா இல்லை பாருங்கள், அதன் தட்டு திரும்பும் வடிவியலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மிச்சத்தை மென்பொருளில் உயரத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றிச் சரிசெய்துவிடலாம், அது பழைய வித்தைதான்.

மென்பொருளில் சரிசெய்ய முடியாதது உராய்வு. பயண நிலையில் உங்கள் இதழ்கள் மறைக்கும் பரப்பு சுமார் 320 சதுர செ.மீ. அதன்மேல் 56.5 கிலோபாஸ்கல் என்றால் 1,800 நியூட்டன், அத்தனையும் இதழ்களை அவை சாய்ந்திருக்கும் வளையத்தின் மேல் அழுத்துகிறது. உராய்வுக் குணகம் 0.15 என்று தாராளமாகக் கொடுத்தாலும் நகர்த்த 270 நியூட்டன் வேண்டும். அதுவும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இன்னும் கூடுதல். பட்டர்ஃபிளையில் அதே சுமை அச்சுத் தண்டின் தாங்கியில் இறங்குகிறது. தண்டின் ஆரம் 8 மில்லிமீட்டர், குணகம் 0.1 என்றால் உராய்வு முறுக்கு 2 நியூட்டன் மீட்டருக்கும் கீழே. அதே பரப்பில் ஒரு பக்கம் கீல் வைத்த 20 செ.மீ. சதுரக் கதவாக இருந்தால் மூடிய நிலையில் அழுத்தம் மட்டுமே 226 நியூட்டன் மீட்டர் கேட்கும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, ஏன் எல்லோரும் சமன்செய்த வடிவத்துக்குப் போனார்கள் என்பது விளங்கும்.

நீங்கள் இரட்டைக் கதவைப் பார்த்தீர்களா? ஏர்பஸ் ஏ320இல் இருப்பது அதுதான். ஒரு கதவு உள்பக்கம் திறக்கும், மற்றது வெளிப்பக்கம். இரண்டும் ஒரே இணைப்புத் தண்டில். உள்ளிருந்து அழுத்தம் ஒன்றை மூடப் பார்க்கும், மற்றதைத் திறக்கப் பார்க்கும், தண்டில் இரண்டும் கழிந்துபோகும். இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு கதவும் சேர்ந்து பின்னோக்கிய கூம்புவாய் மாதிரி அமையும். விநாடிக்கு 1 கிலோ காற்று ஒலிவேகத்தில், 315 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. வாயில் மிஞ்சிய அழுத்தத்தையும் சேர்த்தால், நேர் பின்னோக்கி விட்டால் 430 நியூட்டன் வரை உந்துவிசை. இந்த அளவு விமானத்தின் பயண இழுவை 37,000 நியூட்டன் அளவில் இருக்கும். அதில் 1 சதவீதத்துக்கு மேலே! முழுவதும் கிடைக்காது, கோணத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் உங்கள் வட்டத்துளை தோலுக்குச் செங்குத்தாகக் காற்றை விட்டால் கிட்டத்தட்ட எல்லாமே வீண். காற்றை உள்ளே இழுக்க ஏற்கெனவே எரிபொருள் செலவழித்திருக்கிறோம், அதில் கொஞ்சமாவது திரும்பி வரட்டும்.

இரைச்சலுக்குப் பயப்படவேண்டாம். கதவின் விளிம்பில் பற்கள் வெட்டினால் அடைபட்ட தாரையின் ஊளை ஒலி உடையும்.

இறகுவிசை

இந்த உந்துவிசை எண்ணை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. 1 சதவீதம் என்பது எடையில் நான் மிச்சம்பிடிக்க நினைத்ததைவிடப் பெரியது. ஐரிஸை விடுகிறேன், இரட்டைக் கதவுக்குப் போகிறேன்.

அப்படியானால் இலக்கு தெளிவு: இரண்டு கதவின் பரப்பையும் கைநீளத்தையும் சரியாகப் பொருத்தி, தண்டில் நிகர முறுக்கு எல்லாக் கோணத்திலும் பூச்சியம் ஆகும்படி செய்வது. மோட்டார் சின்னதாகிவிடும். ஓட்ட உருவகத்தில் (கணினி மாதிரியில்) இதைத்தான் அடுத்து தேடப் போகிறேன்.

கட்டுப்பாட்டுக் கணக்கு

வேண்டாம்! இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த இழையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான்.

கியர் பெட்டியில் தளர்ச்சி எப்போதும் இருக்கும். புதிதில் குறைவு, தேய்ந்தபின் அதிகம். தண்டின்மேல் ஒரே பக்கமாக முறுக்கு இருக்கும்வரை பற்கள் ஒரே பக்கமாக அழுந்திக் கிடக்கும், தளர்ச்சி இருப்பதே தெரியாது. முறுக்கு பூச்சியத்தைக் கடந்து குறி மாறும் கோணத்தில்தான் பற்கள் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தாவும். நீங்கள் எல்லாக் கோணத்திலும் பூச்சியம் என்கிறீர்கள். உருவகத்தில் பூச்சியம் வரும். நிஜத்தில் தாரையின் கொந்தளிப்பில் அது பூச்சியத்தைச் சுற்றி விநாடிக்குப் பல முறை இரண்டு பக்கமும் ஆடும். அப்போது கதவு தளர்ச்சி அளவுக்குத் தானே அசையும். மோட்டார் அசையாமல் நிற்கும், நிலை சென்சார் மோட்டார் பக்கம் இருந்தால் அதுவும் எதையும் காட்டாது, கேபின் மட்டும் மேலும் கீழும் போகும். பட்டர்ஃபிளையில் ஓட்டம் தட்டைப் பெரும்பாலும் மூடும் பக்கமே திருப்புவதால் இந்தத் தொல்லை இயல்பாகவே குறைவு. முழுச் சமநிலை தேடிப் போனால் பட்டர்ஃபிளை இலவசமாகக் கொடுத்ததை நீங்கள் தூக்கி எறிகிறீர்கள்.

ஆகவே சமநிலையை வேண்டுமென்றே கொஞ்சம் குலையுங்கள். பயணக் கோணங்கள் முழுவதிலும், ஒற்றைப் பேக் ஓடும் நிலையிலும், உடற்கசிவு கூடிய பழைய விமானத்திலும், நிகர முறுக்கு மூடும் பக்கமே இருக்கவேண்டும். கொந்தளிப்பின் ஆட்டத்தைவிட அது பெரிதாக இருக்கவேண்டும். அது போதாத கோணங்களில் ஒரு முறுக்குச் சுருள்வில் வையுங்கள். மோட்டார் கொஞ்சம் பெரிதாகட்டும், சில நூறு கிராம் கூடட்டும். நிலை சென்சாரைக் கதவுத் தண்டிலேயே பொருத்துங்கள், மோட்டார் பக்கம் அல்ல.

மூடும் பக்கம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கியர் பெட்டிக்கும் கதவுக்கும் இடையே தண்டு முறிந்தால், கதவு தானாக மூடவேண்டும். மூடினால் கேபின் அழுத்தம் ஏறும், அழுத்த விடுவிப்பு வால்வு திறக்கும், மூச்சு விடக் காற்று இருக்கும். அமெரிக்க விதி 25.841 இரண்டு விடுவிப்பு வால்வுகள் கேட்பதும், ஒன்று வேலை செய்யாவிட்டாலும் மற்றது போதுமானதாக இருக்கவேண்டும் என்பதும் இதற்குத்தான். ஏ320இல் அவை சுமார் 8.6 பி.எஸ்.ஐ.யில் திறக்கும். திறக்கும் பக்கம் சாய்ந்திருந்தால் என்ன நடக்கும் என்று மேலே 15 விநாடிக் கணக்கில் சொல்லிவிட்டேன்.

மின்சாரம் மட்டும் போனால்? அப்போது மூடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், நின்ற இடத்திலேயே நிற்கட்டும். கியர் பின்னோக்கி ஓடாத வகையாக இருந்தால் போதும்.

வலது இருக்கை

விமானி அறையிலிருந்து சில வார்த்தை. தானியங்கிக் கட்டுப்பாடு இரண்டும் போய், கையால் ஓட்டவேண்டி வந்தால் எங்களிடம் இருப்பது ஒரு சிறு சுவிட்சு, ஒரு கேபின் வீத முள். சுவிட்சைத் தட்டினால் வால்வு நகர்கிறது, கேபின் பதில் சொல்ல நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொருமுறை தட்டத் தோன்றும். 1 பாகைக்கு 300 அடி என்றால் மனிதக் கைக்கு அது கூர்மையான கருவி. கையால் ஓட்டும் மோட்டார் தானியங்கி மோட்டாரைவிட மெதுவாக இருக்கட்டும். வால்வு நிலை காட்டும் அளவீட்டில் சிறு திறப்புப் பகுதியை அகலமாக்கிக் காட்டினால் இன்னும் நல்லது. முழுத் திறப்புக்குப் பக்கத்தில் 5 பாகை கூடக் குறைய இருந்தால் எங்களுக்கு ஒன்றுமில்லை. பயணத் திறப்பில் அரை பாகை தெரியவேண்டும்.

இன்னொன்று, கனமான விஷயம். 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸின் ஹீலியோஸ் நிறுவனத்தின் 522ஆம் எண் பயணிகள் விமானம். தரையில் கசிவுச் சோதனை செய்தபின் அழுத்தத் தேர்வு சுவிட்சு கைமுறையிலேயே விடப்பட்டது. விமானம் அப்படியே கிளம்பியது, வால்வு ஓரளவு திறந்த நிலையில். எச்சரிக்கை ஒலி வந்தது. ஆனால் அதே ஒலிதான் தரையில் புறப்பாட்டு அமைவு சரியில்லை என்பதற்கும் வைத்திருந்தார்கள். 121 பேர் இறந்தார்கள். அந்த வால்வில் இயந்திரக் குறை எதுவும் இல்லை. சொன்ன இடத்தில் அது நின்றது, அவ்வளவுதான். புதிதாக ஒன்று வடிவமைக்கிறீர்கள் என்றால், சொன்ன இடத்தில் நிற்கும் வால்வோடு திருப்திப்படாதீர்கள். தனி அழுத்தச் சென்சாரும் தனி மின்சுற்றும் வால்வின் உடலிலேயே இருக்கட்டும். கேபின் உயரம் ஒரு எல்லையைத் தாண்டினால், சுவிட்சு எந்த முறையில் இருந்தாலும், அது மூடவேண்டும்.

இறகுவிசை

அப்படி எல்லை தாண்டினால் மூடும் உயர வரம்பி வைப்பதாகத்தான் இருந்தேன், ஆனால் கைமுறையில் அதை நிறுத்திவிடுவதாக வரைந்திருந்தது. கைமுறை என்றால் விமானியின் சொல்லே இறுதி என்ற எண்ணத்தில். உதாரணமாகக் கேபினில் புகை வந்து, அதை வெளியேற்ற வால்வைத் திறக்கவேண்டி இருந்தால்?

வலது இருக்கை

புகையை வெளியேற்றுவதற்கு முன்னால் இறங்கிவிடுவோம். 10,000 அடிக்கு வந்தபின் வால்வைத் திறந்தால் வரம்பிக்கு அங்கே வேலையே இல்லை. 35,000 அடியில் புகைக்காக வால்வை முழுவதும் திறந்து வைக்கச் சொல்லும் நடைமுறையை நான் படித்ததில்லை. வரம்பி கைமுறையிலும் இருக்கட்டும் என்பதே என் கருத்து.

ஓட்டவியல்

வரம்பியின் எல்லையை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கடந்துபோகவேண்டாம். 14,500 அடி என்று ஒரே எண்ணைச் சுற்றில் பதித்துவிடலாம் என்று தோன்றும். சீனாவில் தாவோசெங் யாடிங் விமான நிலையம் 14,472 அடி உயரத்தில் இருக்கிறது. பொலிவியாவில் லா பாஸ் நகரின் எல் ஆல்ட்டோ 13,325 அடி. அங்கே இறங்கினால் கதவு திறக்கும்போது கேபினும் அந்த உயரத்தில்தான் இருக்கவேண்டும். யாடிங்கில் வானிலை அழுத்தம் கொஞ்சம் தாழ்ந்தாலே அழுத்த உயரம் 14,500ஐத் தாண்டிவிடும். வரம்பி விழித்துக்கொண்டு தரையில் நிற்கும் விமானத்தின் வால்வை மூடும். பேக் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். கதவுக்கு வெளியே படிக்கட்டு வந்து நிற்கும்.

ஹேங்கர் இரவுப்பணி

ஓட்டவியல் சொன்ன அந்தக் கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். தரையில் மிச்சமிருக்கும் அழுத்தம் ஆளைக் கொல்லும். 2000 நவம்பரில் மயாமியில் ஒரு ஏ300. அழுத்தம் முழுவதும் இறங்காத நிலையில் அவசரமாகக் கதவைத் திறந்த பணியாளர் வெளியே வீசப்பட்டு இறந்தார். வால்வு திறந்துதான் இருந்தது. ஆனால் பக்கத்திலிருந்த வெப்பக்காப்புப் போர்வை நழுவி வால்வு வாயை அடைத்துக்கொண்டிருந்தது. வால்வின் நிலையைக் காட்டும் சென்சார் திறந்திருக்கிறது என்றுதான் சொல்லும், காற்று போகிறதா என்று அதற்குத் தெரியாது.

கதவு 1.9 சதுர மீட்டர் என்று வையுங்கள். 0.1 பி.எஸ்.ஐ. மிச்சம் இருந்தாலே 1,300 நியூட்டன், ஓர் ஆளின் எடையைவிட அதிகம். 1 பி.எஸ்.ஐ. என்றால் 13,000.

எனவே வால்வை வரையும்போது அதைச் சுற்றியிருக்கும் சட்டகத்தையும் வரையுங்கள். உள்பக்கம் கம்பிக் கூண்டு வேண்டும். தட்டையாக இல்லாமல் குவிந்து எழுந்த கூண்டாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் போர்வை ஒட்டினாலும் மற்ற பக்கங்கள் திறந்திருக்கும். தட்டையான வலையில் ஒரு போர்வை போதும், மொத்தமும் அடைபடும். கூண்டின் மொத்தப் பரப்பு வால்வின் முழுத் திறப்பைப்போல் நாலைந்து மடங்காவது இருக்கட்டும்.

கட்டுப்பாட்டுக் கணக்கு

யாடிங் பிரச்சினைக்கு இரண்டு தகவலைச் சேர்த்தால் போதும். சக்கரத்தில் எடை இருக்கிறது என்ற சைகை வந்தால் வரம்பி செயலிழக்கட்டும். பறக்கும்போது, விமானம் இறங்கும் நிலையத்தின் உயரம் அதிகம் என்று முன்கூட்டியே பதிந்திருந்தால் எல்லை அதற்கு மேலே ஓரளவு தள்ளிப் போகட்டும், ஆனால் ஓர் உச்சத்தைத் தாண்டக்கூடாது. இதில் கவனிக்கவேண்டியது: சக்கரச் சைகை பிழையாக வந்தால் வரம்பி பறக்கும்போதே தூங்கிவிடும். ஒரே சைகையை நம்பாதீர்கள். விமான வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நிறுத்துங்கள், முரண்பட்டால் வரம்பி விழித்திருக்கட்டும்.

இறகுவிசை

இதுவரை வந்ததை வைத்து வரைபடத்தை மாற்றியிருக்கிறேன். உள்ளும் வெளியுமாகத் திறக்கும் இரட்டைக் கதவு, வாய் பின்னோக்கி. உள்பக்கக் கதவின் பரப்பு வெளிக்கதவைவிடச் சற்றே கூடுதல், அதனால் நிகர முறுக்கு மூடும் பக்கம். 10 முதல் 50 பாகை வரை குறி மாறாமல் இருக்கிறதா என்று உருவகத்தில் பார்த்தேன். 44 பாகைக்கு மேல் பலவீனமாகிறது, அங்கே சுருள்வில் பிடிக்கிறது. மூன்று மோட்டார்: இரண்டு தானியங்கிக்கு, ஒன்று கைமுறைக்கு, அது பாதி வேகத்தில். நிலை சென்சார் கதவுத் தண்டில். வரம்பிக்குத் தனிச் சென்சார், தனி மின்வழி. நீரில் இறங்க நேர்ந்தால் எல்லாத் துளையையும் ஒரே பொத்தானில் மூடும் ஏற்பாட்டில் இந்த வால்வும் சேர்ந்துகொள்ளும்.

உறைபனி பற்றி யாரும் சொல்லவில்லையே? துளைக் கழுத்தில் ஓட்டத்தின் வெப்பநிலை −26 பாகை செல்சியஸுக்கு இறங்குகிறது. வெளித்தோல் அதைவிடக் குளிர். விளிம்பில் பனி ஒட்டி, நகரச் சொன்னால் நகராமல் நின்று பிறகு குதிக்கும் என்று பயப்படுகிறேன். கதவைக் கார்பன் இழையில் செய்வதா, அலுமினியத்திலேயே விடுவதா என்பதும் இதைப் பொறுத்தது.

ஓட்டவியல்

நீண்ட பயணத்தில் கேபின் காற்று வறண்டு கிடக்கும், அப்போது பனிக்கு ஈரம் இல்லை. கவலைப்படவேண்டியது ஏறும்போதும், குளிர்ந்த விமானம் ஈரக் காற்றுக்குள் இறங்கும்போதும். அலுமினியம் கேபின் பக்கத்து வெப்பத்தை விளிம்புக்குக் கடத்தும். இழை அவ்வளவு கடத்தாது. கதவின் உடலை இழையில் செய்து, விளிம்பை மட்டும் உலோகமாக்கி, அந்த உலோகம் உள்பக்கம் கொஞ்சம் நீண்டு கேபின் காற்றில் குளிக்கும்படி விடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் அலுமினியம் அரிக்காதபடி இடையில் கண்ணாடி இழை ஓர் அடுக்கு வேண்டும். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால், ஈரத்தில் அலுமினியம்தான் தேயும்.

கட்டுப்பாட்டுக் கணக்கு

நின்று குதிப்பதை அளந்துவிடுங்கள், ஊகம் வேண்டாம். கதவின் இருபக்கமும் முழு அழுத்த வேறுபாடு இருக்கும் சோதனைத் தொட்டியில் வைத்து, கட்டளையை மணிக்கு ஓரிரு பாகை என்ற மிக மெதுவான சரிவில் கொடுங்கள். கதவுத் தண்டின் நிலையைப் பதியுங்கள். நல்ல வால்வில் கோடு சரிவாகப் போகும், ஒட்டும் வால்வில் படிக்கட்டாக வரும். படியின் உயரம் பத்தில் ஒரு பாகைக்குள் இருந்தால் கேபினில் 30 அடி வீதம், காது கண்டுபிடிக்காது. அரை பாகை வந்தால் கட்டுப்பாட்டில் தொகுப்பு உறுப்பு (பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி) ஏறி ஏறிக் குதித்து, பயணம் முழுவதும் நிற்காத ஊசலாட்டம் வரும். அதை மென்பொருளில் மறைக்க முயலாதீர்கள். அசையாப் பட்டை (சிறு பிழைக்கு வால்வை அசைக்காத இடைவெளி) ஒன்று வைத்தால் ஊசலாட்டம் நிற்கும், ஆனால் அழுத்தம் மெல்ல நழுவும்.

சோதனையை அறை வெப்பத்தில் ஒருமுறை, −40 பாகையில் ஒருமுறை, ஈரக் காற்று விட்டு ஒருமுறை செய்யுங்கள்.

ஹேங்கர் இரவுப்பணி

அந்தப் பட்டியலில் நாலாவதாக ஒன்று: அழுக்குப் பூசியும் செய்யுங்கள். சமையல் எண்ணெயும் துணிப் பஞ்சும் கலந்து, தாங்கியிலும் விளிம்பிலும் தடவி, ஒரு வாரம் காயவிட்டு, அதன்பிறகு அந்தச் சரிவுச் சோதனை. அதில் வரும் படியின் உயரம்தான் ஐந்து வருடம் பறந்த வால்வின் படி. தாங்கிக்கு மூடியுள்ள சீல் வையுங்கள், வெளியே தெரியும் கிரீஸ் வேண்டாம், பஞ்சு அதில்தான் முதலில் ஒட்டும். துடைக்கும்போது இரண்டு கதவின் உள்விளிம்பும் ஒரு கைக்கு எட்டவேண்டும். கால் சுற்றுத் திருப்பினால் கழலும் நாலு ஆணியில் கூண்டு கழன்று வரட்டும், ஆணி கூண்டிலேயே தொங்கவேண்டும், கீழே விழக்கூடாது. வால்வுக்குள் விழுந்த ஓர் ஆணி கதவிடுக்கில் மாட்டினால் மேலே நீங்கள் எல்லோரும் போட்ட கணக்கில் எதுவும் நிற்காது.

இறகுவிசை

அழுக்குச் சோதனையைச் சேர்த்துவிட்டேன், ஆணி விஷயத்தையும். முதல் மாதிரி அலுமினியக் கதவோடு போகிறது, இழைக் கதவு இரண்டாவது மாதிரியில். சரிவுச் சோதனையின் வரைபடம் கையில் வந்ததும் இங்கே போடுகிறேன், படிக்கட்டாக வந்தாலும் அப்படியே.